குதிரை முதுகுக்குத் தரையில் நின்றே பயிற்சி



ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைப் பற்றி எங்கள் கருத்துமேடையில் பேசியதைப் பார்த்தவர்கள், நிகழ்ச்சியின் கடைசிக் கட்டத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால்நடை மருத்துவரின் பேச்சைப் பாதியில் நிறுத்தியதையும் பார்த்திருப்பீர்கள். அவர் அப்போதுதான் குதிரையின் முதுகைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். விளம்பர இடைவேளைக்குப் பிறகு தொடரலாம் என்றேன். இடைவேளைக்குப் பிறகு நேரமே இல்லை. அதற்குப் பின் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த விடுபட்ட பேச்சைக் கேட்டுத்தான் வந்தன. இந்தப் பக்கத்தில் அந்தக் கடனை அடைக்கிறேன்.

இந்தத் தலைப்பு ஏன் இப்போது? சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சித் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய ஒரு வரலாறு அன்றோடு நின்றது. பினாங்குத் திடலிலும் 2025இல் பந்தயம் ஓய்ந்தது. திடலை மூடுவது எளிது, வாயிற்கதவைப் பூட்டினால் போதும். உள்ளே இருந்த குதிரைகள்? சில வேறு திடல்களுக்குப் போயின, சில வெளிநாடு போயின, சில குதிரையேற்றப் பள்ளிகளுக்கும் தனியாருக்கும் கைமாறின. அப்படிக் கைமாறிய குதிரையை வாங்கியவர் ஆசையாகச் சேணம் போட்டு ஏறுகிறார். பல நேரங்களில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

என் சொந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தவறு என்னுடையது. ஒரு நிகழ்ச்சிக்காகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்ளும் காட்சியைப் படம்பிடிக்க ஒரு பள்ளிக்குப் போயிருந்தோம். எனக்குக் கொடுத்தது ஏழு வயது செம்பழுப்புக் குதிரை, முன்பு பந்தயத்தில் ஓடியது. லாயத்தில் அதை ராஜா என்று கூப்பிட்டார்கள். சேணத்தின் வாரை இறுக்கும்போதே காதுகளைப் பின்னுக்கு மடித்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் முதுகு பலகை மாதிரி விறைத்தது. பத்தடி நடந்தது, பிறகு பின்னங்கால்களைத் தூக்கி உதறியது. நான் மணலில் கிடந்தேன். எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, "ரொம்பத் திமிர் பிடித்த ராஜா!" என்றேன். அது அப்படியே ஒளிபரப்பும் ஆனது. நல்ல வரவேற்பு என்று சொன்னார்கள்.

படப்பிடிப்பு முடிந்த பிறகு லாயத்துப் பக்கம் போனேன். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு முன்னாள் சைஸ் இருந்தார். சைஸ் என்ற சொல்லை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் திடல்களின் லாயங்களில் நம்மவர்கள் பலர் தலைமுறை தலைமுறையாகக் குதிரை பார்த்திருக்கிறார்கள். இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் சிலாங்கூர் பந்தயத் திடலாக இருந்தது. அந்தத் திடலில் தான் சிறுவனாகப் புல் சுமந்ததை அந்தப் பெரியவர் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து ராஜாவின் முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி வைத்தார்.

"மெதுவா அமுக்கிக்கிட்டே பின்னால போம்மா" என்றார்.

சேணம் உட்காரும் இடத்தின் பின்பகுதிக்கு வந்ததும் தோல் படபடவென்று துடித்தது. குதிரை முதுகைக் கீழே இறக்கி என் விரலிலிருந்து தப்பப் பார்த்தது.

"இப்ப சொல்லும்மா, இது திமிரா வலியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் குதிரையை வைத்துக்கொள்வதா, வேறு யாருக்காவது தள்ளிவிடுவதா என்று அதன் உரிமையாளர் அப்போது யோசித்துக்கொண்டிருந்தார் என்பதும், "முரட்டுக் குதிரை" என்ற பெயரோடு ஒரு குதிரை கைமாறினால் அதன் கதி என்ன என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் பரப்பியவள் நான். அதனால்தான் கருத்துமேடைக்கு இந்தத் தலைப்பை எடுத்தேன். கால்நடை மருத்துவர் ஒருவர், குதிரையேற்றப் பயிற்றுநர் ஒருவர், அந்தப் பெரியவர் ஆகிய மூவரையும் அழைத்தேன்.

முதுகு மேசை அல்ல

குதிரையின் முதுகு மனிதன் உட்காரவே படைக்கப்பட்டது போல நமக்குத் தோன்றுகிறது. மருத்துவர் அரங்கில் முதலில் உடைத்தது இந்த எண்ணத்தைத்தான். குதிரைக்கு விலா எலும்புகள் சேரும் முதுகெலும்புகள் பெரும்பாலும் 18, இடுப்புப் பகுதியில் 6, அதற்குப் பின்னால் ஒன்றாக இணைந்துபோன 5. கழுத்தையும் வாலையும் இதில் சேர்க்கவில்லை. இந்த நீண்ட வரிசை நான்கு கால்களுக்கு நடுவே பாலம் போல நிற்கிறது. பாலத்தின் நடுவில் நாம் ஏறி உட்காருகிறோம்.

இன்னொரு செய்தி எனக்கே வியப்பாக இருந்தது. நமக்கு இருப்பது போலக் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் நடுவே எலும்பு இணைப்பே இல்லை. இரண்டு முன்னங்கால்களுக்கு இடையில் மார்புக்கூடு தசைகளால் தொங்குகிறது, தூளியில் குழந்தை தொங்குவது போல. தூளித் துணி தளர்ந்தால் குழந்தை தரையைத் தொடும். அந்தத் தசைகள் தளர்ந்தால் குதிரையின் மார்பு கீழே இறங்கும், பிடரி முடியும் மேடு தாழும், முதுகு பள்ளமாகும்.

முதுகை வில்லுக்கு ஒப்பிட்டார் மருத்துவர். முதுகெலும்பு வில், வயிற்றுத் தசைகள் நாண். நாணை இழுத்தால் வில் மேலே வளையும். வயிற்றுத் தசை சுருங்கினால் முதுகு உயரும். குதிரை கழுத்தை முன்னால் நீட்டித் தாழ்த்தினால் பிடரியோடு ஓடும் தடித்த தசைநார் முன்னால் இழுபட்டு, முதுகின் முன்பகுதி மேலே எழும்பும். தலையை வானத்துக்குத் தூக்கினால் நேர்மாறாக நடக்கும். ஆகவே முதுகைப் பலப்படுத்த வேண்டுமென்றால் வயிற்றைப் பலப்படுத்த வேண்டும். நாம் முதுகு வலிக்கு மருத்துவமனை போனால் அங்குள்ள உடற்பயிற்சி மருத்துவர் வயிற்றுப் பயிற்சி சொல்லித் தருகிறாரே, அதே கணக்கு.

முதுகிலும் இரண்டு வகைத் தசை. மேலாக நீளமாக ஓடும் பெரிய தசை ஓட்டத்துக்கானது, சுமை தாங்க அல்ல. அதற்கு அடியில், எலும்புக்கு எலும்பு ஒட்டிக்கொண்டு, மல்டிஃபைடஸ் எனப்படும் சிறு தசைகள் இருக்கின்றன. முதுகெலும்புகளை ஆடாமல் பிடித்துக்கொள்வது இவைதான். முதுகு வலித்தால் முதலில் மெலிவதும் இவைதான். வலி நின்ற பிறகும் தாமாகத் திரும்பி வளர்வதில்லை. அப்போது மேலே உள்ள ஓட்டத் தசை அந்த வேலையையும் சேர்த்துச் செய்து, இறுகி, வலியெடுக்கிறது. ராஜாவின் முதுகு பலகை மாதிரி விறைத்ததன் காரணம் அதுதான்.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே மனிதனைச் சுமக்கத் தொடங்குகிறது. முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைவதோ ஐந்து, ஆறு வயதில். வேகமாக ஓடப் பழக்கப்பட்ட உடம்பு அது. மெதுவாக நடந்து, முதுகைத் தூக்கி, ஒருவரைச் சுமக்க அதற்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. இந்த இனத்துக் குதிரைகளிடம் இன்னொரு தொல்லையும் பரவலாக உண்டு. முதுகெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றையொன்று நெருங்கி உரசுவது. சேணத்துக்குக் கீழே, பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரையுள்ள எலும்புகளில் இதை அதிகம் பார்க்கலாம். எக்ஸ்ரேயில் உரசல் தெரிந்தும் வலியே இல்லாத குதிரைகளும் இருக்கின்றன என்பதை மருத்துவர் அழுத்திச் சொன்னார். படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாதாம்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

பயிற்சிகளுக்கு வருவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வலிக்கிற முதுகுக்குப் பயிற்சி கொடுப்பது, காலில் முள்ளோடு நடக்கச் சொல்வது போன்றது. சேணம் பொருந்துகிறதா? பற்களில் கூர்முனை இருக்கிறதா? குளம்பும் லாடமும் சமமா? வயிற்றுப்புண் உண்டா? பந்தயக் குதிரைகளிடம் வயிற்றுப்புண் மிகவும் சாதாரணம், வாரை இறுக்கும்போது காதை மடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்னங்காலில் நொண்டல் இருந்து அதன் விளைவாக முதுகு வலிக்கிறதா? இதையெல்லாம் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மற்றது. நான் தொலைக்காட்சி அறிவிப்பாளர். என் கட்டுரையை வைத்து யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

ராஜாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு முனைகள் நெருக்கமாக இருந்தன, ஆனால் உரசவில்லை. சேணமோ அகலம் போதாதது. மூன்று மாதம் யாரும் ஏறக்கூடாது, தரைப்பயிற்சி மட்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். உரிமையாளர் முகம் சுளித்தார். மூன்று மாதத் தீனி, லாயச் செலவு, வருமானம் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் பெரியவர், "நான் பாத்துக்கிறேன் முதலாளி" என்றதால் சம்மதித்தார்.

கேரட் துண்டும் ஓர் ஆய்வும்

தரைப்பயிற்சி என்றதும் கயிற்றைக் கட்டி வட்டமாக ஓடவிடுவதுதான் பலருக்கு நினைவு வரும். மருத்துவர் தொடங்கியது ஒரு கேரட்டில். குதிரை நான்கு கால்களும் சமமாக, வழுக்காத தரையில், சுவர் ஓரமாக நிற்க வேண்டும். சுவர் இருந்தால் பின்பக்கத்தை விலக்கித் தப்பிக்க முடியாது. பத்து நிமிடம் நடக்கவிட்டு உடம்பு சூடான பிறகு செய்வது நல்லது. கேரட்டை நீளவாக்கில் நறுக்குங்கள். வட்ட வில்லையாக நறுக்கினால் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

முதலில் கேரட்டை மார்புக்கு நேராகக் கொண்டுபோய், மோவாய் மார்பைத் தொடும்படி செய்ய வேண்டும். அடுத்து முன் முழங்கால்களுக்கு நடுவே. அடுத்து இன்னும் கீழே, குளம்புக்கு மேலுள்ள மூட்டுகளுக்கு நடுவே. இதில் வயிறு சுருங்கி முதுகு மேலே எழும்புவதைப் பக்கத்தில் நிற்பவர் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு பக்கவாட்டில் வார் கட்டும் இடத்துக்கு, அங்கிருந்து இடுப்பு எலும்புக்கு, அங்கிருந்து பின்னங்கால் மூட்டுக்கு. இடப்பக்கம் செய்ததை வலப்பக்கமும் செய்ய வேண்டும். கடைசியாகக் கழுத்தை முன்னால் நேராக நீட்டவைப்பது. ஒவ்வொன்றும் ஐந்து முறை.

கேட்க விளையாட்டாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நரெல் ஸ்டப்ஸ், ஹிலரி கிளேட்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னார். எட்டுக் குதிரைகள். வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வோர் அசைவும் ஐந்து முறை, மூன்று மாதம். அந்தக் காலம் முழுவதும் அவற்றின் மேல் யாரும் ஏறவில்லை. முன்னும் பின்னும் அல்ட்ராசவுண்ட் கருவியால் மல்டிஃபைடஸ் தசையின் பருமனை அளந்தார்கள். தசை பருத்திருந்தது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இருந்த வேறுபாடும் குறைந்திருந்தது. எட்டுக் குதிரை என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் ஓட்டமோ சுமையோ இல்லாமல், வெறும் கேரட்டால், ஆழத்தில் உள்ள ஒரு தசையை வளர்க்க முடிந்தது என்பது சின்ன விஷயமா?

ஆனால் செய்யும் முறையில் இருக்கிறது சூட்சுமம். முதல் வாரம் நான் போய்ப் பார்த்தபோது லாயத்துப் பையன் ஒருவன் ராஜாவுக்கு இதைச் செய்துகொண்டிருந்தான். கேரட்டைக் காட்டினான், குதிரை வெடுக்கென்று திரும்பிக் கவ்வியது, அவ்வளவுதான். பெரியவர் கேரட்டைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி, இது தீனி போடற வேலை இல்ல. அவன் தேடித்தேடி வரணும்" என்றார். கேரட்டை மெதுவாக நகர்த்தினார். குதிரையின் மூக்கு அதைத் தொடர்ந்து வந்தது. போக முடிந்த எல்லையில் சில நொடிகள் நிறுத்தினார், அதன் பிறகே கொடுத்தார். அந்தச் சில நொடிகளில்தான் தசை வேலை செய்கிறது. எல்லையைத் தாண்டி இழுக்கவும் கூடாது. முதல் நாள் ராஜாவின் மூக்கு வலப்பக்கத்தில் வார் கட்டும் இடத்தைத் தாண்டவில்லை. இடப்பக்கம் இடுப்பு வரை போயிற்று. அந்த வேறுபாடே ஒரு நோய்க்குறிப்பு என்றார் மருத்துவர்.

விரல்களால் செய்வது இன்னும் இரண்டு. வார் கட்டும் இடத்தில், அடிவயிற்றின் நடுக்கோட்டில், விரல் நுனிகளால் மேல்நோக்கி அழுத்தினால் குதிரை தானாக மார்பைத் தூக்கும். நான் முன்பு சொன்ன தூளித் தசைகளுக்கு இது நேரடிப் பயிற்சி. அடுத்தது பின்பக்கம். வாலுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக விரல்களால் கோடு இழுத்தால், குதிரை பிட்டத்தை உள்ளே மடக்கி இடுப்பை உயர்த்தும். வயிறு கூசினாலோ வலித்தாலோ உதை விழும், ஆகவே பழக்கம் இல்லாதவர்கள் இந்த இரண்டையும் தாமாக முயற்சி செய்ய வேண்டாம். பின்பக்கத்துக்கு நேர் பின்னால் எப்போதுமே நிற்க வேண்டாம். நகத்தாலோ சாவியாலோ குத்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். குதிரை முதுகைத் தூக்குகிறது உண்மைதான், ஆனால் பயந்து தூக்குகிறது. அதில் என்ன பலன்?

நடையே பெரிய மருந்து

இனி நடமாட்டப் பயிற்சிகள். இதில் பயிற்றுநர்தான் அதிகம் பேசினார். தலைக்கயிற்றில் பிடித்துக்கொண்டு, மரக்கட்டைகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் நடக்கவைப்பது முதல் பாடம். நடைக்குக் கட்டைகளின் இடைவெளி ஏறக்குறைய 80 முதல் 90 சென்டிமீட்டர். மெல்லோட்டத்துக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். இது பொதுக் கணக்கு. உங்கள் குதிரையின் அடி நீளத்தைப் பார்த்துத்தான் கட்டையை வைக்க வேண்டும், கட்டைக்காகக் குதிரையை இழுக்கக்கூடாது. கால் தடுக்காமல் இருக்கக் குதிரை குனிந்து பார்க்கிறது, கழுத்து தாழ்கிறது, காலை உயர்த்தி மடக்குகிறது. சொல்லிக்கொடுக்காமலேயே முதுகு வேலை செய்கிறது. உருளும் கட்டை வேண்டவே வேண்டாம். மிதித்தால் உருண்டு கணுக்கால் பிசகும். இருபுறமும் அணைகொடுத்து வையுங்கள்.

ராஜா முதல் நாள் மூன்று கட்டையில் இரண்டை உதைத்தான். பந்தயத் திடலில் தரை எப்போதும் வழவழப்பு. கால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இருந்ததில்லை.

அடுத்தது பின்னால் நடப்பது. இதைத் தண்டனையாகச் செய்கிறவர்களே அதிகம். கயிற்றை வெட்டி இழுத்துத் தலையை மேலே தூக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனால் முதுகு பள்ளமாகும், இருக்கிற வலியும் கூடும். தலை தாழ்ந்த நிலையில், ஒவ்வோர் அடியாக, நான்கைந்து அடி போதும். பின்னங்கால்கள் உடம்புக்குக் கீழே வந்து அமர்வதை உணரலாம். அப்படியே முன்னால் நடக்கச் சொன்னால், முன்னைவிட அடி நீளமாக விழும்.

மேடு ஏறுவது இன்னொன்று. நம் நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. ராஜாவின் பள்ளிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து மண்சாலை ஒன்று மேடும் பள்ளமுமாகப் போகிறது. பெரியவர் காலையில் அதில்தான் அவனை நடத்திப் போவார். ஏறும்போது பின்பக்கம் பலப்படும். இறங்கும்போது மெதுவாக, நேராக இறங்கவேண்டும். அவசரமாகச் சரிந்து இறங்கினால் முன்னங்கால்களில் எல்லாப் பாரமும் விழும்.

பக்கவாட்டு நடையையும் தரையில் நின்றே கற்றுக்கொடுக்கலாம். வேலி ஓரமாக நடக்கும்போது குதிரையின் தோளை மட்டும் சற்று உள்ளே கொண்டுவந்து, பின்னங்கால்கள் வேலியோரமே போகும்படி செய்வது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் குதிரையேற்றம் கற்பித்த லா கெரினியர் இதை விரிவாக எழுதிவைத்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதைத்தான் பயில்கிறார்கள். விலாப்பகுதியின் இறுக்கம் தளர இதைவிட நல்லது இல்லை என்பது பயிற்றுநரின் கருத்து. நான்கு அடி சரியாக வந்தால் நிறுத்திப் பாராட்டிவிட வேண்டும், நாற்பது அடி தப்பாக நடப்பதில் பயனில்லை.

வட்டத்தில் வந்த வாக்குவாதம்

நீளக்கயிற்றில் வட்டமாக ஓடவைக்கும் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது அரங்கில் சூடு ஏறியது. ஒளிபரப்பில் இந்தப் பகுதி வெட்டுப்பட்டுவிட்டது. தலை தாழ்ந்து நிற்க, கடிவாளத்திலிருந்து சேணத்தின் பக்கங்களுக்கு வார் கட்டி ஓடவிட்டால் முதுகு விரைவில் உருவாகும் என்றார் பயிற்றுநர். பல ஆண்டு அனுபவத்தில் பலன் கண்டதாகவும் சொன்னார். மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. தலையைக் கட்டி மடக்கினால் கழுத்து மட்டும்தான் மடங்கும், வயிறு சுருங்காத வரை முதுகு எழும்பாது, வலியுள்ள குதிரை அந்த வாரோடு மல்லுக்கட்டி இன்னும் இறுகும் என்றார். வட்டம் சிறியதாக இருந்தால் மூட்டுகளுக்கும் கேடு.

இருவரும் நிபுணர்கள், நான் நடுவில் உட்கார்ந்திருப்பவள். இருந்தாலும் என் எண்ணத்தைச் சொல்கிறேன். தேர்ந்த கைக்கு அந்த வார் ஒரு கருவியாக இருக்கலாம். ஆனால் நம்மிடையே குதிரை வாங்கும் பலர் தேர்ந்தவர்கள் அல்லர். அளவு தெரியாதவர் கையில் அது கட்டிப்போடும் கயிறாகத்தான் முடியும். ராஜாவை எந்த வாரும் இல்லாமல், இருபது மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், பத்து நிமிடத்துக்கு மிகாமல், அடிக்கடி பக்கம் மாற்றித்தான் பழக்கினார்கள். அதுவும் ஆறாவது வாரத்துக்குப் பிறகு.

வெயிலையும் மறந்துவிடக்கூடாது. குளிர்நாட்டில் எழுதிய பயிற்சி அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். உடம்பு காய்ந்திருக்கும், மூச்சு மட்டும் இரைக்கும். வியர்வை இல்லையே, களைப்பில்லை என்று நினைத்து ஓட்டினால் உயிருக்கே ஆபத்து. பெரியவர் விடியற்காலையிலேயே வேலையை முடித்துவிடுவார். மூச்சு இரைப்பு அடங்காவிட்டால் அன்றைய பாடம் அதோடு சரி.

அட்டையில் வரைந்த கோடு

முதுகு தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. பெரியவர் ஒரு வழி வைத்திருந்தார். வளைத்தால் வளைந்தபடி நிற்கும் தடித்த கம்பியை முதுகின் குறுக்கே, பிடரி மேட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதுகின் வடிவத்துக்கு அழுத்துவார். அதை அப்படியே எடுத்து ஓர் அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுவார். சேணம் பொருத்துபவர்களும் ஏறக்குறைய இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பயிற்றுநர் சொன்னபோது பெரியவர் சிரித்துக்கொண்டார்.

முதல் அட்டையில் கோடு கூரை மாதிரி இருந்தது. நடுவில் எலும்பு முனை, இருபுறமும் சரிவு, உள்வாங்கிய பள்ளம். நான்காவது வாரத்துக் கோட்டில் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. உரிமையாளருக்கும் தெரியவில்லை, அவர் அதைச் சத்தமாகவே சொன்னார். எட்டாவது வாரத்தில் பள்ளம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. பன்னிரண்டாவது வாரத்துக் கோடு முதல் கோட்டைவிட நன்றாகவே அகன்றிருந்தது. வலப்பக்கம் மூக்கு இடுப்பு எலும்பைத் தொட்டது. விரலால் அழுத்தினால் தோல் துடிப்பது குறைந்திருந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

பிறகு அகலமான சேணம் வந்தது. முதல் வாரம் சேணம் மட்டும், ஆள் இல்லை. அடுத்த வாரம் எடை குறைந்த ஒரு பெண் பயிற்றுநர் ஏறி ஐந்து நிமிடம் நடந்தார். ராஜா காதை மடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். மடித்தான். ஆனால் உதறவில்லை. வார் இறுக்கும்போது காதை மடிப்பது பழைய நினைவாகக்கூட இருக்கலாம், மறக்க நாளாகும் என்றார் மருத்துவர். தாண்டுதல் பயிற்சிக்கும் கனமானவர்களைச் சுமக்கவும் இனி அவன் உதவமாட்டான் என்றும் சொல்லிவிட்டார். சிறுவர்களை ஏற்றி நடக்கும் வேலைக்கு அவனை வைத்துக்கொள்ள உரிமையாளர் முடிவு செய்திருக்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள் கேரட் பயிற்சி தொடர வேண்டும் என்பது நிபந்தனை. நிறுத்தினால் தசை மீண்டும் மெலியும்.

அழைத்த நேயர்களில் ஓர் அம்மா, வயதான குதிரைக்கு இதைச் செய்யலாமா என்று கேட்டிருந்தார். செய்யலாம், ஆனால் கழுத்து மூட்டுகளில் தேய்மானம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும், எல்லையைக் குதிரையே தீர்மானிக்கட்டும் என்பது மருத்துவரின் பதில். இன்னொருவர், கேரட்டுக்குப் பதில் கரும்பு கொடுக்கலாமா என்றார். சர்க்கரை அதிகம், தினமும் கொடுக்க ஏற்றதல்ல. தீனியைத் தொட்டாலே கடிக்கும் குதிரைக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு, கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, நீளக் கைப்பிடியுள்ள கரண்டியில் வைத்து நகர்த்தச் சொன்னார் பெரியவர்.

சென்ற சனிக்கிழமை மறுபடியும் கேமராவோடு போனோம். "திமிர் பிடித்த ராஜா" என்று நான் சொன்ன அதே இடத்தில் நின்று, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பேசினேன். அடுத்த ஒளிபரப்பில் அதைப் பார்ப்பீர்கள். லாயத்துச் சுவரில் நான்கு அட்டைகள் ஆணியில் தொங்குகின்றன. ஐந்தாவது அட்டை வெறுமையாகத் தொங்குகிறது. அதன் மூலையில் பெரியவர் தேதியை மட்டும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்குக் கம்பியைப் பிடிக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.